பூட்டும் காவலும் திறக்கும் காவலும்

சென்னையில் வாட்ச்மேன் இல்லாத அடுக்ககம் அரிது. குடியிருப்போர் சங்கம் ஓர் ஏஜென்சியோடு ஒப்பந்தம் போடுகிறது, ஏஜென்சி ஆள் அனுப்புகிறது. கையெழுத்திடும்போது எல்லார் மனத்திலும் இருப்பது திருட்டு பயம்தான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு மீட்டர் பெட்டியில் புகை கிளம்பினால், அதை முதலில் பார்க்க வேண்டியவரும் அதே வாட்ச்மேன்தான். இப்படி ஒருவரிடமே இரண்டு காவல்களை ஒப்படைத்துவிடுகிறோம். திருட்டைத் தடுக்கக் கதவைப் பூட்ட வேண்டும், தெரியாதவரை மறிக்க வேண்டும். தீப்பிடித்தாலோ கதவுகளைத் திறந்துவிட வேண்டும், ஓடி வருகிற தெரியாதவரை உள்ளே விட வேண்டும். நகரக் கட்டடங்களின் தனியார் காவலை இந்த முரணை வைத்தே எடைபோட வேண்டும்.

முதலில் நிறையைச் சொல்லிவிட வேண்டும். விழித்திருக்கும் ஒரு மனிதருக்கு ஈடான கருவி இல்லை. வயர் கருகும் நாற்றத்தை கேமரா அறியாது. மூன்றாம் மாடியில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருப்பதும், ஐந்தாம் மாடியில் குழந்தைகள் தனியே தூங்குவதும் எந்த அலாரம் பேனலிலும் பதிவாகியிருக்காது. நெடுநாள் பழகிய வாட்ச்மேனுக்கு அவை தெரியும். மெயின் ஸ்விட்ச் எங்கே, வண்டி நிறுத்துமிடத்தில் இரவெல்லாம் சார்ஜ் ஏறும் ஸ்கூட்டர் யாருடையது என்பதும் தெரியும். தீயின் முதல் சில நிமிடங்களில், தீயணைப்பு வண்டி வந்து சேருமுன், இந்த அறிவுதான் உயிர் காக்கும்.

சட்டமும் இதை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டம் 2005-இல் வந்தது. உரிமமின்றி ஏஜென்சி நடத்தக் கூடாது என்றது. மறு ஆண்டு வெளியான மத்திய மாதிரி விதிகள், புதிதாகச் சேரும் காவலருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் வேண்டும் என்றன. பாடங்களில் தீயணைப்பும் ஒன்று. ஆக, குறை ஏட்டில் இல்லை. காலையில் ஏஜென்சியில் பெயர் கொடுத்தவர் இரவே ஒரு வாசலில் நிற்கிறார் என்பதுதான் பல இடங்களின் நடைமுறை. அவர் கையில் வருகைப் பதிவேடும் டார்ச்சும் இருக்கும். சுவரில் தொங்கும் தீயணைப்பு சிலிண்டரின் பின்னை இழுத்துப் பார்த்திருக்க மாட்டார்.

பயிற்சிக் குறையைவிட ஆழமானது அவருக்கு இடப்படும் ஆணை. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபகார் திரையரங்குத் தீவிபத்தில் 59 பேர் இறந்தார்கள். கூடுதல் இருக்கைகள் போட்டதில் பால்கனியின் ஒரு பக்க வழி அடைபட்டிருந்தது, கதவுகள் தாழிடப்பட்டிருந்தன. 2011 டிசம்பர் 9 அதிகாலையில் கொல்கத்தா ஏஎம்ஆர்ஐ மருத்துவமனையின் அடித்தளத்தில் பற்றிய தீயின் புகை, தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது. புகையைக் கண்டு பக்கத்துக் குடிசைப் பகுதி மக்கள் ஓடி வந்ததையும், வாசல் காவலர்கள் அவர்களைத் திருப்பி அனுப்பியதையும் அன்றைய செய்திகள் விரிவாகப் பதிவு செய்தன. அந்தக் காவலர்களைக் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. வெளியாரை உள்ளே விடாதே என்பதுதான் அவர்களுக்குத் தரப்பட்ட வேலை. அதை எந்த நொடியில் கைவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.

நம் அடுக்ககங்களிலும் அதே ஆணைதான். மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு, சாவி சங்கச் செயலாளர் வீட்டில். பின்பக்கப் படிக்கட்டின் கிரில் கேட்டுக்கும் பூட்டு. தீயணைப்புத் துறையின் 101-ஐ அழைக்குமுன் செயலாளரை எழுப்பிக் கேட்க வேண்டும் என்ற எழுதாத விதி வேறு. அதோடு பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், மோட்டார் போடும் வேலை, பார்சல் வாங்கும் வேலை, சில இடங்களில் கார் துடைக்கும் வேலை. அறுபதைக் கடந்த பெரியவரோ, தமிழ் இன்னும் பிடிபடாத வடமாநில இளைஞரோதான் பெரும்பாலும் அந்த நாற்காலியில் இருக்கிறார். களைத்துப்போனவரிடம் விழிப்பை எதிர்பார்ப்பது நியாயமல்ல. குறைந்த கூலிக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டு அவர் கண்ணயர்ந்ததைக் குற்றமாக்குவது அறமும் அல்ல.

மற்றொரு குறை, கருவி இருக்க வேண்டிய இடத்தில் ஆளை நிறுத்துவது. அமெரிக்காவின் கட்டடத் தீப் பாதுகாப்பு விதித்தொகுப்பான என்எஃப்பிஏ 101-இல், தீயைக் கண்காணிக்க ஆள் நிறுத்தும் தீக்காவல் என்பது தற்காலிக ஏற்பாடு. 24 மணி நேரத்துக்குள் தீ அலாரம் 4 மணி நேரத்துக்கு மேல் செயலிழந்தால், கட்டடத்தைக் காலி செய்ய வேண்டும் அல்லது அலாரம் சீராகும்வரை தீக்காவல் அமர்த்த வேண்டும். தற்காலிகம் நிரந்தரமானால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்து காட்டியது. 72 பேரைப் பலிகொண்ட 2017 ஜூன் 14 கிரென்ஃபெல் கோபுரத் தீவிபத்துக்குப் பிறகு, எரியக்கூடிய வெளிச்சுவர்ப் பலகைகள் கொண்ட பல கட்டடங்களில் இரவும் பகலும் ஆட்கள் மாடி மாடியாக ரோந்து சுற்றினார்கள். வேறு பாதுகாப்பு இல்லாதபோது அது தேவையாகவே இருந்தது. ஆனால் சில மாதங்களுக்கென்று தொடங்கியது ஆண்டுக்கணக்கில் நீண்டது. லண்டனில் ஒரு வீட்டுக்குச் சராசரியாக மாதம் 499 பவுண்டு செலவானதாக அந்நாட்டு அரசு 2020-இல் வெளியிட்ட விவரம் சொல்கிறது. அலாரம் பொருத்துவதே மேல் என்று அதே ஆண்டு டிசம்பரில் 3 கோடி பவுண்டு நிதி அறிவிக்க வேண்டி வந்தது. அங்கே ஆள் விழித்திருந்தும் பலகைகள் மாறவில்லை. இங்கே ஆள் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் அலாரத்தின் பேட்டரியைக்கூட மாற்றாமல் விடுகிறோம்.

ஆகவே இந்தச் சேவை வேண்டாம் என்பதல்ல என் முடிவு. இன்றைய வடிவில் அது திருட்டுக்குக் காவல், தீக்குக் காவல் அல்ல என்பதே முடிவு. அதை இரண்டுக்கும் உரியதாக்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. நிரந்தரமாகக் கூடுதல் செலவு வைப்பது எட்டு மணி நேர ஷிப்ட் ஒன்றுதான், அதைக் கொடுத்தே ஆக வேண்டும். மற்றவை பெரும்பாலும் அதிகாரப் பகிர்வு. யாரையும் கேட்காமல் 101-ஐ அழைக்கும் அதிகாரமும், எல்லாச் சாவிகளும், ஆபத்தில் கேட்டைத் திறந்துவிடும் உரிமையும் காவலருக்கு ஒப்பந்தத்திலேயே எழுதித் தரப்பட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை குடியிருப்போரும் அவரும் சேர்ந்து தீ ஒத்திகை நடத்த வேண்டும். அலாரமும் தண்ணீர்க் குழாயும் பழுதான நாட்களில், வேறு எந்த வேலையும் இல்லாத தனி ஆள் ஒருவரை மாடிகளைச் சுற்றிவர அமர்த்த வேண்டும். தீயின்போது முதல் முடிவை எடுக்கப்போகிறவர் வாட்ச்மேன்தான். அந்த முடிவுக்கான உரிமையை அவருக்கு முன்கூட்டியே கொடுக்காத சங்கத்துக்கு, பிறகு அவரைக் குற்றம் சொல்லும் தகுதி கிடையாது.