தானியம் கொடுத்து வாங்கும் கறி: ‘டெலிகாடெஸன்’ படத்தின் சிரிப்பும் நழுவலும்

ழான்-பியர் ழூனே, மார்க் காரோ ஆகிய இருவரும் இணைந்து இயக்கி 1991ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டெலிகாடெஸன்’, பிரெஞ்சுத் திகில் நகைச்சுவைப் படங்களுள் மிகுதியாகப் பேசப்படும் ஒன்று. பதப்படுத்திய இறைச்சியும் பாலாடைக்கட்டியும் பிற சுவைப்பண்டங்களும் விற்கும் கடைக்கு வழங்கும் இப்பெயர், படத்தில் ஒரு பாழடைந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இயங்கும் கறிக்கடையைச் சுட்டுகிறது. எந்த ஆண்டு, எந்தப் பேரழிவு என்பன சொல்லப்படாத ஒரு காலத்தில், உணவு அருகித் தானியமே நாணயமாகப் புழங்கும் நிலையில், கட்டடத்தின் உரிமையாளரும் கறிக்கடைக்காரருமான க்ளாபே, எடுபிடி வேலைக்கு ஆள் தேவை என்று விளம்பரம் செய்து, வந்து சேர்பவனிடம் சில நாள் வேலை வாங்கிய பின் அவனை வெட்டிக் குடியிருப்போருக்குக் கறியாக விற்றுவருகிறார். அவ்வரிசையில் வந்து சேரும் லூயிசோன் என்ற முன்னாள் சர்க்கஸ் கோமாளியை க்ளாபேயின் மகள் ஜூலி விரும்பத் தொடங்குவதில் கதை முடிச்சிட்டுக்கொள்கிறது.

திகிலும் நகைப்பும் சேர்ந்த இக்கலவை பிரான்சுக்குப் புதிதன்று. மூன்று குழந்தைகளை வெட்டி உப்பிலிட்டு வைத்த கசாப்புக்காரனையும், அவர்களை உயிர்ப்பித்த புனித நிக்கோலாவையும் பற்றிய பழங்கதை அந்நாட்டுச் சிறுவர் பாடலாகவே வழங்கிவருகிறது. பாரிசின் பிகால் பகுதியில் 1897இல் தொடங்கி 1962 வரை இயங்கிய ‘கிராண்ட் கின்யோல்’ அரங்கம், குருதி சொட்டும் குறுநாடகத்தையும் கேலி நாடகத்தையும் ஒரே இரவில் மாற்றி மாற்றி நிகழ்த்திப் பார்வையாளரை வெந்நீரிலும் தண்ணீரிலும் மாறி மாறி முக்கியெடுத்தது. மரணத்தையும் கொடுமையையும் சிரிப்புக்கு உள்ளாக்கும் முறைக்குக் ‘கருப்பு நகைச்சுவை’ என்ற பெயரை நிலைபெறச் செய்த பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே ப்ரெத்தோனின் தொகைநூல் 1940இல் அச்சாகி, நாஜிகளுக்கு இணங்கிச் செயல்பட்ட விஷி அரசின் தடைக்கு உள்ளானது. இத்தடைக்கும் இப்படத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லையெனினும், ‘டெலிகாடெஸன்’ எதிர்காலக் கதைபோல் உடுத்தியிருப்பது அந்த நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தின் ஆடையையே என்பது கவனிக்கத்தக்கது. அக்காலத்து உணவுப் பங்கீட்டு அட்டைகள் பிரான்சில் 1949 வரை நீடித்தன. வெண்ணெயும் முட்டையும் பாலாடைக்கட்டியும் கள்ளச்சந்தையில் விற்றுக் கொழுத்தவர்களை அம்மூன்றின் முதலெழுத்துகளால் ‘போஃப்’ என்று மக்கள் ஏளனமாக அழைத்தனர். க்ளாபேயின் தராசும், அவர் முன் குழைந்து நிற்கும் வாடகையாளரும், யாரோ கேட்டுவிடுவார்களோ என்று தாழ்ந்துபோகும் பேச்சும், இருட்டிய பின் மாடிப்படியில் யாரும் கால் வைக்கக்கூடாது என்ற எழுதப்படாத விதியும் அக்கால நினைவைப் பெயர் சொல்லாமல் எழுப்புகின்றன.

படத்தின் ஆற்றல் எங்குள்ளது என்பதைக் கட்டில் சுருள்வில் காட்சி தெளிவாகக் காட்டுகிறது. க்ளாபேயும் அவருடைய துணைவியான ப்ளூஸ் என்பவளும் கட்டிலில் கூடும்போது துருப்பிடித்த சுருள்விற்கள் கிறீச்சிட, அவ்வொலி கட்டடம் முழுவதும் பரவி, செல்லோ என்னும் பெரிய நரம்பிசைக் கருவியில் ஜூலி இழுக்கும் வில்லையும், உட்கூரைக்கு வண்ணம் அடிக்கும் லூயிசோனின் உருளையையும், கம்பளம் தட்டுபவளின் கையையும், மிதிவண்டிச் சக்கரத்துக்குக் காற்றடிப்பவரையும், பின்னல் ஊசிகளையும் ஒரே தாளத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. வேகம் ஏறி உச்சத்தை எட்டியதும் நரம்பு அறுகிறது, டயர் வெடிக்கிறது, லூயிசோன் கீழே விழுகிறான். அரங்கம் அதிரச் சிரிக்க வைக்கும் இக்காட்சியில் ஓர் உறுத்தல் ஒளிந்திருக்கிறது. கட்டடத்தில் உள்ள அனைவரும் தம்மையறியாமலே கறிக்கடைக்காரரின் தாளத்துக்கு இயங்குகின்றனர் என்பதை உரையாடலில் ஒரு சொல்லும் செலவிடாமல் ஒலியே சொல்லிவிடுகிறது. கத்தி தீட்டும் ஓசையோடு தொடங்கும் படம், எலும்பறுக்கும் கருவியின் இனத்தைச் சேர்ந்த ரம்பத்தை லூயிசோன் கையில் கொடுத்து, அதை வில்லால் இழைத்து இசைக்க வைப்பதும் இதே நுட்பத்தின் மறுபக்கம். ஒளிப்பதிவாளர் தாரியுஸ் கோந்த்ஜியின் பழுப்பும் மஞ்சளும் தோய்ந்த ஒளி, புழுக்கமும் பசியும் ஒருசேர உணரப்படும்படி இவ்வுலகைக் காட்டுகிறது.

இதனினும் கூர்மையான ஒரு நகைப்பு, படம் தானே உரக்கச் சொல்லாத ஒன்றாக அதன் பொருளாதாரத்துக்குள் புதைந்துள்ளது. குடியிருப்போர் கறிக்கு விலையாகக் கொடுப்பது சோளமும் பருப்பும். அதாவது, உண்ணத்தக்க பொருளைக் கொடுத்து மனிதக் கறியை வாங்குகின்றனர். அதே கட்டடத்தில் தண்ணீர் தேங்கிய அறையொன்றில் தவளையும் நத்தையும் வளர்த்துத் தின்று வாழும் முதியவர் ஒருவர் இருக்கிறார். (பிரெஞ்சுக்காரரைத் தவளை தின்பவர் என்று அயலார் கேலி பேசுவதை இங்கே அவர்களே எடுத்துத் தமக்குச் சூட்டிக்கொள்கின்றனர்.) நிலத்தடியில் மறைந்து வாழும் ‘த்ரோக்லோதிஸ்த்’ எனப்படும் கூட்டத்தாரோ புலால் மறுத்து, மேலே உள்ளவர் பணமாகப் பதுக்கும் தானியத்தையே உண்கின்றனர். ஆகவே பசியால் வேறு வழியின்றி இழைத்த குற்றம் என்ற சமாதானத்துக்குப் படத்திலேயே இடமில்லை. கறிக்காகத் தன் மாமியாரைப் பலிகொடுக்கும் ஒரு குடும்பத்தின் இழிவைக் கடன் தீர்க்கும் சிறு குடும்பச் சிக்கல்போலக் காட்டும்போது, சிரித்துவிட்ட பார்வையாளரும் கடை வரிசையில் ஒருவராக நின்றுவிடுகிறார். திகிலைத் தாங்கத்தக்கதாக்குவதே நகைச்சுவையின் பணி என்று பொதுவாகக் கருதப்படும் நிலையில், இங்கு அது திகிலைத் தள்ளி நின்று பார்க்கவொட்டாமல் செய்கிறது.

எனினும் இவ்வளவு தொலைவு வந்த படம் தன் கண்டுபிடிப்பைத் தாங்க முடியாமல் நழுவுகிறது. தற்கொலைக்காக அவ்ரோர் என்ற பெண் அமைக்கும் சங்கிலித்தொடர் பொறிகள், கயிறும் விளக்கும் வாயுவும் ஒன்றையொன்று தூண்டும்படி அமைந்த வியத்தகு கைவேலைகளே. ஆயின் ஒவ்வொரு முறையும் பொறி பழுதாவதை ரசிக்கக் கற்றுத்தரும் இயக்குநர்கள், அவளுடைய துயரத்தின் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. ஓவியம், அசைவூட்டப் படம் ஆகிய பயிற்சிகளிலிருந்து வந்த இவ்விருவரிடம் மாந்தரைப் பல்சக்கரங்களாகக் காணும் பழக்கம் வலுவாக உண்டு. கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தேநீர் ஊற்றுவதற்கு முன்கூட்டியே ஒத்திகை பார்க்கும் கிட்டப்பார்வைக்காரி ஜூலி ஒருத்தியே அப்பழக்கத்தை மீறி உயிர் பெறுகிறாள். அக்காட்சியின் கூச்சமும் மென்மையும் படத்தில் வேறெங்கும் அத்துணை முழுமையாகக் கைகூடவில்லை. நிலத்தடிக் கூட்டத்தாரோ நாஜி எதிர்ப்பியக்கத்தின் கேலிச்சித்திரமாகத் தொடங்கி, அதற்கு மேல் வளராமல், ஓடுவதற்கும் இடறி விழுவதற்கும் மட்டுமே பயன்படுகின்றனர்.

இவையனைத்தினும் பெரிய குறை முடிவில் உள்ளது. குளியலறையில் சிக்கிய காதலர் நீரைப் பெருக்கிக் கட்டடத்தையே வெள்ளக்காடாக்க, க்ளாபே வீசிய பூமராங் கத்தி திரும்பி வந்து அவர் மீதே பாய்கிறது. பின்னர்க் கூரை மீது செல்லோவும் ரம்பமும் இணைந்து ஒலிக்கின்றன. கண்ணுக்கு இனிய இம்முடிவு, கட்டடம் முழுவதும் பங்கிட்டுத் தின்ற குற்றத்தை ஒரே ஆளின் தலையில் இறக்கிவைத்துவிட்டு, மற்றவரைத் தண்ணீர் அடித்துச் சென்றதோடு கணக்கை மூடுகிறது. நாஜிகளிடமிருந்து பெற்ற விடுதலைக்குப் பிந்திய பிரான்சில், அவர்களோடு ஒத்துழைத்தவர் சிலரே, ஏனையோர் எதிர்த்தவரே என்ற ஆறுதல் கதை நெடுங்காலம் கோலோச்சியதையும், 1970களில் திரைப்படங்களும் வரலாற்று நூல்களும் அதனைக் கலைத்ததையும் நினைத்தால், 1991இல் வந்த படம் பழைய ஆறுதலுக்கே திரும்பிப்போவது ஏமாற்றம் தருகிறது.

சிறந்த முதற்படம், மூலத் திரைக்கதை, படத்தொகுப்பு, கலையமைப்பு ஆகியவற்றுக்குக் கிடைத்த நான்கு சேசார் என்னும் பிரெஞ்சுத் திரைப்பட விருதுகளுள் பின்னிரண்டும் மறுக்கவியலாதவை. திரைக்கதைக்கான விருது முதல் முக்கால் பகுதிக்கு மட்டும் பொருந்தும். பத்தாண்டுகளுக்குப் பின் ழூனே தனியாக இயக்கிய ‘அமேலி’யிலும் இதே குடியிருப்பு வாழ்வும், விந்தையான அண்டை வீட்டாரும், தோமினிக் பினோன், ரூஃபுஸ் ஆகிய நடிகரும் திரும்ப வருகின்றனர். அங்கே கீழ்த்தளத்தில் கறிக்கடை இல்லை. தன் பணியாளை வைது தீர்க்கும் ஒரு காய்கறி வணிகர் மட்டுமே இருக்கிறார்.