சிப்பாய்க்குப் படியளந்தவர் யார்?

மதுரை நகரின் மேற்கே சம்மட்டிபுரத்தில் ஒரு சிறிய தர்கா இருக்கிறது. வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கமிருந்து நகருக்கு வரும் நம்மவர்களில் எத்தனை பேர் அதனை அறிவர்? அங்கே அடங்கியிருப்பவர் துறவியுமல்லர், மார்க்க அறிஞருமல்லர். 1764 அக்டோபர் 15ஆம் நாள் தூக்கிலிடப்பட்ட படைத்தலைவர் கான் சாகிபு என்னும் முகம்மது யூசுபு கான் அவர்.

அவரைப் பற்றிய நூல்களுள் இரண்டினை இங்கே எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, எஸ். சி. ஹில் 1914இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட வரலாறு. மற்றொன்று, நா. வானமாமலை பதிப்பிக்க, 1972இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘கான்சாகிபு சண்டை’ என்னும் கதைப்பாடல்.

ஹில்லின் உழைப்பு பெரிது. கம்பெனியின் பழைய கடிதங்களைத் தேடித் தொகுத்து, மறைந்து கிடந்த ஒரு வாழ்வினை மீட்டுத் தந்திருக்கிறார். ஆயினும் தலைப்பிலேயே யூசுபு கானைக் ‘கலகக்காரத் தளபதி’ என்கிறார். யாரை எதிர்த்த கலகம் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? கதைப்பாடலோ அவருடைய வீரத்தையும் வீழ்ச்சியையும் மக்கள் மொழியில் பாடுகிறது. ஒன்று கோட்டையின் அலுவலக மேசையிலிருந்து பார்க்கிறது. மற்றொன்று ஊர்ச் சாவடியிலிருந்து பார்க்கிறது. இரண்டும் பெரிதாய்ப் பேசுவது அந்த ஒரு மனிதரைப் பற்றியே. அவரை ஆக்கியதும் அழித்ததுமான ஏற்பாடு பின்னே மறைந்துவிடுகிறது.

அந்த ஏற்பாடுதான் என்ன? வணிகம் செய்ய வந்த கம்பெனி இந்நாட்டு மக்களையே சிப்பாய்களாகச் சேர்த்துப் பயிற்சி தந்தது. 1754இல் அச்சிப்பாய்கள் அனைவருக்கும் யூசுபு கானைத் தலைவராக்கியது. 1757இல் திண்டுக்கல் பக்கமிருந்து வந்த ஹைதர் அலியின் படையை அவர் பின்வாங்கச் செய்தார். 1758–59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியே நின்று பிரெஞ்சுக்காரரை அலைக்கழித்தார். அதன் பின் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் வரிவசூல் குத்தகையும் அவர் கைக்கு வந்தது. வைகைச் சமவெளியின் நெல்லே படையின் சம்பளமாயிற்று. வாளும் கருவூலமும் ஒரே கையில் சேர்ந்தன.

இங்கேதான் சிக்கல் முளைத்தது. சட்டப்படி சீமை ஆற்காட்டு நவாபு முகம்மது அலிக்கு உரியது. படையோ கம்பெனியுடையது. நவாபு கம்பெனிக்குப் பெருங்கடன்பட்டவர். கடன் திரும்ப வேண்டுமானால் நவாபுக்கு வருவாய் வேண்டும். ஆகவே கம்பெனி தன் தளபதியைக் கைவிட்டு நவாபின் பக்கம் நின்றது. யூசுபு கான் பணிய மறுத்துப் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். 1763இலும் 1764இலும் மதுரை முற்றுகையிடப்பட்டது. ஒரு காலத்தில் அவர் தலைமை தாங்கிய சிப்பாய்ப் படையே இப்போது அவருக்கு எதிரே நின்றது. தாக்குதலால் வீழாத கோட்டை பசியால் தளர்ந்தது. உடனிருந்தவர்களே அவரைப் பிடித்துக் கொடுத்தனர்.

இதனை மதச் சண்டையாக்கிப் பெருமை பேசுவோருக்கு நாம் ஒன்று சொல்வோம். தூக்கிலிடச் செய்த நவாபும் முஸ்லிமே. காட்டிக் கொடுத்தவர்களில் திவான் சீனிவாசராவும் இருந்தார், பாபா சாகிபும் இருந்தார், மர்ச்சந்த் என்னும் பிரெஞ்சுக்காரரும் இருந்தார். துரோகத்துக்கு மதமில்லை; படைக்கும் மதமில்லை. படியளப்பவன் காட்டும் திசையிலேயே துப்பாக்கி திரும்பியது.

கம்பெனி கற்ற பாடம் கொடியது. பின்னாளில் இந்தியச் சிப்பாய் எத்தனை ஆண்டு உழைத்தாலும் சுபேதார் நிலைக்கு மேல் வெள்ளையரே அதிகாரிகளாயினர். அச்சத்தையே அவர்கள் கட்டுப்பாடாக்கினர். விடுதலைக்குப் பின், 1949 ஜனவரி 15இல்தான் இந்தியரான கரியப்பா தரைப்படையின் தலைமையை ஏற்றார். படைகளின் உச்சத் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் வைத்து, அதனைச் சட்டத்தால் நெறிப்படுத்துகிறது நமது அரசியல் சட்டம். படைச் செலவுக்கும் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். வாள் ஒருவர் கையிலும் பணப்பை வேறொருவர் கையிலும் இருப்பது அவநம்பிக்கையன்று. நாட்டுக்கும் படைவீரனுக்கும் அதுவே காப்பு.

கான் சாகிபின் வீரத்தை நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். அந்த வீரம் யாருடைய கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்வோம். அதைச் சொல்லும் நூல் தமிழில் இனிமேல்தான் எழுதப்பட வேண்டும்.