நடுக்களத்தில் ஒரு ராஜா

செஸ் கிராண்ட்மாஸ்டர் ஆட்டங்களைப் பார்த்துக் கொட்டாவி வருகிறதா? 'ஃப்ரைடு லிவர் அட்டாக்' என்ற தாக்குதல் ஆடப்பட்ட ஓர் அமெச்சூர் ஆட்டத்தை எடுத்துப் பாருங்கள். முதல் வேலையாக கம்ப்யூட்டர் மதிப்பீட்டை அணைத்துவிடுங்கள். அடுத்து யார் தடுமாறப் போகிறார் என்பதை அது முன்கூட்டியே போட்டுக் கொடுத்துவிடும்.

தொடக்கம் சாது. ராஜாவின் முன்னுள்ள சிப்பாய்கள் மோதி நிற்கும். வெள்ளை ஒரு குதிரையையும் மந்திரியையும், கறுப்பு இரண்டு குதிரைகளையும் வெளியே எடுக்கும். நான்காவது நகர்த்தலில் வெள்ளைக் குதிரை ஜி5-க்குத் தாவும். குறி, எஃப்7 சிப்பாய். ராஜாவைத் தவிர அதற்குக் காவல் கிடையாது. இந்தத் தாவலை கத்துக்குட்டித்தனம் என்று ஏளனம் செய்தவர் ஜெர்மன் மாஸ்டர் டாராஷ். ஆனால் 1963-ல் பாபி ஃபிஷரே கிராண்ட்மாஸ்டர் பிஸ்கையருக்கு எதிராக இதை ஆடி ஜெயித்திருக்கிறார்.

கறுப்பு டி5-ல் சிப்பாயைத் தள்ளி மந்திரியின் வழியை மறிக்கும். வெள்ளை அதை வெட்டும். இங்கே கடிகாரத்தைக் கவனியுங்கள். விஷயம் தெரிந்தவர் ஒரு குதிரையை ஓரத்துக்கு, ஏ5-க்கு, நகர்த்தி மந்திரியை விரட்டுவார். பிஸ்கையர் செய்தது அதுதான். தெரியாதவர் கண நேரத்தில் மற்றொரு குதிரையால் திருப்பி வெட்டிவிடுவார். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது!

அடுத்த நொடி வெள்ளைக் குதிரை எஃப்7-ல் பாய்ந்து ராணியையும் யானையையும் ஒருசேர மிரட்டும். ராஜாவே வந்து அதை வெட்ட வேண்டும். ராணி எஃப்3-ல் செக். ராஜா ஜி8-க்குப் பின்வாங்கினால் டி5 குதிரை போகும், மேட்டும் கிட்டே வந்துவிடும். அதனால் அது முன்னேறி இ6-ல், பட்டப்பகலில் நடுத்தெருவில் நிற்பதுபோல் நிற்கும். வெள்ளையின் இரண்டாவது குதிரையும் சி3-க்கு வந்து டி5-ஐ அழுத்தும். கறுப்பும் சும்மா இராது: இன்னொரு குதிரையை பி4-ல் வைத்து டி5-ஐக் காத்தபடியே, சி2-ல் புகுந்து ராஜா, யானை இரண்டையும் தாக்கப் பார்க்கும்.

வெள்ளையை ஆடுபவரின் குணம் தெரிவது இங்கேதான். மூலை யானை போனால் போகட்டும் என்று காய்களைத் தாக்குதலுக்குக் கொண்டுவருபவர் ஒரு ரகம். கொடுத்த குதிரையை நினைத்து நடுங்கி, ராணிகளை மாற்றிக்கொள்பவர் இன்னொரு ரகம். பின்னவரின் ஆட்டத்தைப் பாதியில் மூடிவிடாதீர்கள். ராணிகள் போனபின் அதே நடுக்களம் கறுப்பு ராஜாவுக்கு வசதியான இடம். இதுவரை தப்பி ஓடியது, இனி சிப்பாய்களை வேட்டையாடக் கிளம்பும்.