தோன்றா எழுவாயும் ஓர் இசைக் குழுவும்

எழுவாய் வாக்கியத்தில் வெளிப்பட வாராவிடினும் வினைமுற்றின் விகுதியால் அதனை உணர்ந்துகொள்ளலாம் என்று நாம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அவ்வாறு உணர இயலாத மொழியில் எழுவாய் மறைந்தால் என்ன நேரும்? அதற்கு ஒரு சான்று, நாம் எதிர்பாராத இடத்தில், அமெரிக்க இளைஞரின் இசையிலே கிடைக்கிறது.

1970-களில் நியூயார்க்கிலும் லண்டனிலும் பரவிய பங்க் இசையை இன்னும் விரைவாக்கி, சுருக்கி, முழக்கமாகப் பாடும் வகைக்கு 'ஹார்ட்கோர் பங்க்' என்று பெயர். அவ்வகையில் தலைசிறந்த குழுக்களுள் ஒன்று 'மைனர் திரெட்'. வாஷிங்டன் நகரில் 1980-ஆம் ஆண்டு தோன்றி, 1983-இல் கலைந்தது. இயன் மக்காய் பாடினார். ஜெஃப் நெல்சன் டிரம்ஸ் வாசித்தார். லைல் பிரெஸ்லரும் பிரையன் பேக்கரும் கிதார்க் கருவிகளை இசைத்தனர். 'சிறிய அச்சுறுத்தல்' என்றும், 'வயது வராதோரால் வரும் அச்சுறுத்தல்' என்றும் பெயர் இருபொருள்படும்.

மக்காயும் நெல்சனும் அதற்குமுன் 'டீன் ஐடில்ஸ்' என்ற குழுவில் இருந்தனர். 1980-இல் அக்குழு கலிபோர்னியாவுக்குச் சென்றபோது, சான் பிரான்சிஸ்கோவில் மது விற்கும் அரங்கு ஒன்றில், வயது குறைந்தோர் கையில் பெருக்கற்குறி இட்டு உள்ளே விட்டனர். இவருக்கு மது வழங்கலாகாது என்பதே அதன் பொருள். அம்முறையை இவர்கள் வாஷிங்டனுக்குக் கொண்டுவந்தனர். இசை கேட்கும் ஆவலால் இளையோர் ஏற்ற தடைக்குறி, நாளடைவில் அவர்தம் பெருமைக்குறி ஆயிற்று. பழைய குழுவின் சேமிப்பைக் கொண்டே 'டிஸ்கார்டு' என்னும் இசைத்தட்டு நிலையத்தைத் தொடங்கினர். உறைகளைத் தம் கையாலேயே மடித்து ஒட்டினர். நிறுவனங்களின் தயவை வேண்டாத இத்தன்முயற்சியும், கேட்போரைத் தோழராக நடத்திய பண்பும் இக்குழுவின் கவர்ச்சிக்குக் காரணங்கள்.

1981-இல் வந்த 'ஸ்ட்ரெயிட் எட்ஜ்' என்ற பாடல் ஒரு நிமிடங்கூட ஓடாது. போதையின்றி வாழ்வதே தமக்கு மேன்மை என்பது அதன் கருத்து. அதே ஆண்டில் வெளிவந்த 'அவுட் ஆஃப் ஸ்டெப்' என்ற பாடலிலேதான் நம் ஆராய்ச்சிக்குரிய சிக்கல் எழுந்தது. தாம் விலக்கியவற்றை அடுக்கிச் சொல்லும் அடிகளில் மக்காய், தாளம் கருதி, 'நான்' என்னும் சொல்லை விட்டுவிட்டார். தமிழில் 'உண்ணேன்' என்றால் தன்மை, 'உண்ணாதே' என்றால் ஏவல், மயக்கமில்லை. ஆங்கிலத்திலோ எழுவாய் நீங்கின் இரண்டும் ஒரே வடிவம். ஆகவே ஒருவரது நோன்பு, பிறர்க்கு இட்ட கட்டளையாக ஒலித்தது. நெல்சனே இதனை மறுத்து வாதிட்டார். 1983-இல் அப்பாடலை மீண்டும் பதிவு செய்தபோது, இது விதிமுறை அன்று என்னும் விளக்கத்தை மக்காய் இடையிலே பேச்சாகச் சேர்த்தார்.

விளக்கம் வந்தும் ஏவல் ஓயவில்லை. பாடலின் பெயரே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பலர் அதனால் குடியினின்று விலகி நலம் பெற்றனர். ஆயினும் 1990-களில் சால்ட் லேக் சிட்டி போன்ற இடங்களில் சிலர், குடிப்போரையும் புகைப்போரையும் தாக்கும் அளவிற்குச் சென்றனர். இவ்வன்முறைக்குப் பாடலைப் பொறுப்பாக்குதல் முறையன்று. ஆனால் தாளத்திற்காகப் பொருள்தெளிவை விட்டது குறையே. அக்குறையை உணர்ந்து, பாட்டின் விரைவு தடைப்படினும் தடைப்படுக என்று பேச்சைச் சேர்த்த நேர்மை, அக்குறையினும் பெரிது.

ஒழுக்கத்தைத் தன்மையில் கூறுவோனிடம் கேட்போர் தாமே நெருங்கி வருவர். ஏவலில் கூறுவோன் காவலனாகிவிடுவான். நாள்தோறும் மாணவர்முன் நிற்கும் நமக்கும் இது பொருந்தாதோ?