பலகையும் குரலும்: சித்தூர் தந்த சேர்ந்திசை

ஒரு இசைக்குழு பல்லாண்டு நிலைத்தால் அதன் உயிர் எங்கே இருக்கிறது? பெயரிலா, ஆளிலா, பாட்டிலா? இதனை ஆராய இரண்டு குழுக்களை எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் விரும்பிக் கேட்கும் ஹார்ட் ராக் இசையின் முன்னோடிகளுள் ஒன்றான, இங்கிலாந்தின் 'டீப் பர்ப்பிள்'. மற்றொன்று, 'மெட்ராஸ் யூத் கொயர்' எனப்படும் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு. இதை நிறுவிய எம்.பி. சீனிவாசன் 1925இல் பிறந்தது நம்ம சித்தூர்ச் சீமையில் என்பது இங்குள்ள தமிழருக்கே அதிகம் தெரியாது.

டீப் பர்ப்பிள் 1968இல் தோன்றி, 1976இல் கலைந்து, 1984இல் மீண்டும் கூடியது. எல்லா அணியிலும் இருந்தவர் டிரம் வாசிக்கும் இயன் பெய்ஸ் ஒருவரே. மற்றவர்கள் வந்தார்கள், போனார்கள். ரசிகர்களோ முதல் அணி, இரண்டாம் அணி என்று எண் போட்டே அதன் வரலாற்றைச் சொல்லுவாங்க. குழு கலைந்திருந்த 1980இல் அதன் முதல் பாடகர் ராட் எவன்ஸ், வேறு ஆட்களைச் சேர்த்து அதே பெயரில் மேடை ஏறினார். வழக்கு வந்தது, தோற்றார். வியாபாரிக்கு இது புதுக்கதை அன்று. பங்காளிகள் பிரிந்தால் சரக்கைவிடப் பெயர்ப்பலகை யாருக்கு என்பதில்தான் சண்டை.

சீனிவாசன் வேறு வழியில் போனார். அவர் திரைக்குப் புதியவர் அல்லர். 'பாதை தெரியுது பார்' (1960) படத்துக்கு இசை அமைத்தவர். யேசுதாஸ் முதன்முதலில் திரைக்குப் பாடிய 'கால்பாடுகள்' (1962) இவர் இசையே. மலையாளத்தில் புகழோடு இருந்த 1970களின் தொடக்கத்தில்தான் சேர்ந்திசைக் குழுவை அமைத்தார். பாரதி பாட்டும், பல இந்திய மொழிப் பாட்டுகளும் அதில் பல குரலாய் ஒலித்தன. 1988இல் லட்சத்தீவில் அவர் காலமானார். குழு நின்றுவிடவில்லை. அவரிடம் பயின்றவர்கள் நடத்தினார்கள். திருவனந்தபுரத்திலும் அவர் பெயரால் ஒரு குழு எழுந்தது. இங்கே எந்த அணி உண்மையான அணி என்ற கேள்வியே எழவில்லை. ஒருவர் போனால் அவர் பாடிய பகுதியை அடுத்தவர் கற்றுக்கொள்கிறார். அவ்வளவுதான்.

குறையும் சொல்ல வேண்டும். நம் இராகத்தின் அழகு கமகத்தில். நாற்பது தொண்டை நாற்பது விதமாய் அசைத்தால் பாட்டுக் கலங்கிப்போகும். ஆகவே சேர்ந்திசையில் அசைவைக் குறைத்து, சுரத்தை நேராக நிறுத்த வேண்டியிருக்கிறது. கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இது சற்று மொட்டையாகத் தோன்றும். ஆயினும் ஈடாகக் கிடைப்பது ஒன்று உண்டு: சொல் தெளிவு. ழகரமும் றகரமும் எல்லார் வாயிலும் ஒன்றாய் விழுந்தாலொழிய சேர்ந்திசை இல்லை.

சமணம் கூறும் அநேகாந்தவாதம், உண்மைக்குப் பல பக்கம் உண்டு, எதுவும் தனியே முழுமை அன்று என்பது. சேர்ந்திசையில் மேல்குரலும் கீழ்க்குரலும் வெவ்வேறு வழியே போகின்றன; இரண்டும் சேர்ந்தாலே பாட்டு. சிலம்பின் அரங்கேற்று காதையும் ஆடுபவளை மட்டும் புகழாமல், யாழாசிரியன், குழலோன், தண்ணுமையோன் என ஒவ்வொருவர் தகுதியையும் நிறுத்திச் சொல்வது இதே நோக்கில் என்க.

சித்தூரிலும் திருப்பதியிலும் நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தமிழ் எழுத்துக் கூட்டவே தடுமாறுகிறார்கள். ஆண்டு விழாவில் நன்றாய்ப் பாடும் ஒரு பிள்ளைக்குப் பரிசு கொடுத்து அனுப்பிவிடுகிறோம். மற்றப் பிள்ளைகள் கைதட்டிவிட்டுப் போகின்றன. இருபது பிள்ளைகள் சேர்ந்து ஒரு பாட்டைப் பயின்றால், சுமாரான குரலுக்கும் இடம் உண்டு, இருபது நாவிலும் தமிழ் பழகும். இம்மண்ணில் பிறந்தவர் காட்டிய வழி இது. வாரம் ஒரு மணி நேரமும், சொல்லிக்கொடுக்க ஒருவரும் இருந்தால் நம் சங்கம் இதைத் தொடங்கிவிடலாம்.