சார்லட் ஏன் சாக வேண்டும்?

சிறார் இலக்கியத்தில் நம்மிடம் இரண்டு அலமாரிகள் இருக்கின்றன. ஒன்றில் 'உங்களுக்குத் தெரியுமா?' வகைத் தகவல் நூல்கள்: ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், வண்ணத்துப்பூச்சி காலால் ருசி பார்க்கும். இன்னொன்றில் பேசும் விலங்குகளின் கதைகள். முதலாவதில் கதை இல்லை. இரண்டாவதில் பெரும்பாலும் விலங்கே இல்லை. வடையைப் பறிகொடுக்கும் காக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். நிஜக் காக்கை மகா கெட்டிக்காரப் பறவை. கதைக்கு வேண்டியதோ ஓர் ஏமாளி மனுஷன். அவனுக்கு மாட்டிய கறுப்பு முகமூடிதான் அது.

ஈ. பி. வைட் 1952இல் எழுதிய 'சார்லட்ஸ் வெப்' நாவலில் இந்த இரண்டு அலமாரிகளும் ஒன்றாகிவிடுகின்றன. வில்பர் என்ற பன்றிக்குட்டியைக் கிறிஸ்துமஸ் சமயத்தில் வெட்டப்போகிறார்கள். அதே கொட்டகையில் வாழும் சார்லட் என்ற சிலந்தி, வலையில் அவனைப் புகழும் சொற்களை நெய்து காப்பாற்றுகிறாள்.

வைட், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பண்ணை வைத்திருந்தவர். நோயுற்ற தன் பன்றியைக் காப்பாற்றப் போராடித் தோற்றதை 1948இல் கட்டுரையாக எழுதினார். கொட்டகைச் சிலந்தி ஒன்றின் முட்டைப்பையை நியூயார்க் வீட்டுக்கு எடுத்துப்போனார். குஞ்சுகள் பொரிந்து படுக்கையறை மேசைமேல் நூல் கட்டின. சார்லட்டின் பெயரோடு வரும் 'கவாட்டிகா' அந்த இனத்தின் அறிவியல் பெயரிலிருந்து எடுத்ததுதான்.

அப்படிச் சேர்த்த தகவல்கள் நாவலில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. சார்லட்டுக்குத் தூரப்பார்வை மட்டம். காலின் ஏழு பகுதிகளையும் பெயர் சொல்லி அடுக்குவாள். இரையின் ரத்தத்தைக் குடிப்பதாகக் கூச்சமில்லாமல் சொல்வாள். வில்பருக்குக் குமட்டுகிறது. அந்த அருவருப்பைத் தாண்டித்தான் நட்பே தொடங்குகிறது. இந்த இடத்தில் ஒரு எறும்பை வைத்துப் பாருங்கள், கதை நிற்காது.

எனக்கு ஒரு குறை உண்டு. வலையில் தடித்த வளைகோடுகள் போடுவது ஆர்ஜியோப் இனம்; அதில் ஒன்றுக்கு அமெரிக்காவில் 'எழுதும் சிலந்தி' என்றே பெயர். சார்லட் அந்த இனம் இல்லை. ஆனாலும் எழுத்து ஒன்றில் மட்டும்தான் வைட் இயற்கையிடம் இவ்வளவு பெரிய சலுகை கேட்கிறார். முடிவில் கேட்கவில்லை.

சார்லட் இலையுதிர்காலத்தில் முட்டையிட்டு, சந்தைத் திடலில் யாரும் அருகில் இல்லாமல் சாகிறாள். இந்த இடத்தை வாசித்துக் காட்டியபோது அக்கா மகள் சண்டைக்கே வந்துவிட்டாள். "ஏன் சித்தி, பன்னியைக் காப்பாத்துனவருக்கு இவளைக் காப்பாத்தத் தெரியாதா?" எந்த விமர்சகரும் இதைவிட நல்ல கேள்வியைக் கேட்டுவிட முடியாது.

என் பதில் இதுதான். வில்பரின் சாவு மனிதர்கள் எடுத்த முடிவு. முடிவு என்பதால் மாற்றலாம். நாலு சொல் போதும். சார்லட்டின் சாவு அவள் உடம்பு போட்ட கணக்கு. முட்டையிட்டதும் அந்த இனத்துப் பெண் சிலந்தியின் ஆயுள் முடிகிறது, குஞ்சுகள் வசந்தத்தில் வருகின்றன. எதிர்த்து நிற்க வேண்டிய சாவு எது, உட்கார்ந்து அழ வேண்டிய சாவு எது என்று பிரித்துக் காட்ட வைட்டுக்கு நீதிபோதனை தேவைப்படவில்லை. சிலந்தியைச் சரியாகத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆறுதலும் அங்கிருந்தே வருகிறது. 514 முட்டைகள். குஞ்சுகள் நூல்விட்டுக் காற்றில் ஏறிப் பறந்துபோகின்றன. இதுவும் கற்பனை கிடையாது. 1832இல் டார்வின் கரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, பீகிள் கப்பலின் கயிறுகளில் இப்படி வந்திறங்கிய சிலந்திகளைக் கண்டார். காற்றே இல்லாவிட்டாலும் வளிமண்டல மின்புலம் அவற்றைத் தூக்கும் என்று பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் சோதித்துக் காட்டினார்கள்.

வில்பருக்கு மட்டும் இதெல்லாம் தெரியாது. தன்னை விட்டுப் போகிறார்களே என்று அழுகிறான். மூன்று குஞ்சுகள் தங்கிவிடுகின்றன. ஐந்நூறில் மூன்று: ஒரு குழந்தைக்கு இதைவிடக் கூடுதலாக வாக்குக் கொடுத்தால் அது பொய்யாகிவிடும்.