அருகிருக்கும் உலகம்

தமிழ்நாட்டரசு 2018இல் வெளியிட்ட ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் நூல், எகிப்து, மெசபடோமியா, சீனம், சிந்துவெளி ஆகிய பண்டைய நாகரிகங்களை ஒரே பாடத்தில் விளக்குகிறது. தம் ஊருக்கு அப்பாலும் மாந்தர் வாழ்ந்தனர், சிந்தித்தனர் என்று மாணவர் அறிவது நன்றே. ஆயினும் ஒரு குறை உண்டு. இப்பண்பாடுகள் யாவும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முற்பட்டவை; மாணவனை நோக்கித் திரும்பிக் கேள்வி கேளாதவை.

ஆரணியின் வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். பட்டு நெய்யும் இவ்வூரில், வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசும் பிள்ளை தமிழ் பேசும் பிள்ளையின் அருகே அமர்ந்திருக்கக்கூடும். போளூரை அடுத்த திருமலையில் சமணரின் நேமிநாதர் சிலை நிற்கிறது. தறியேறும் பட்டு நூலின் கலையோ சீனத்தில் பிறந்தது. இவற்றைக் கேட்டறியாமலே ஒருவன் தேர்வில் முழு மதிப்பெண் பெறலாம்.

பள்ளியை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழரிடமே கேட்டறிந்து, தென்னிந்தியத் தெய்வங்களைப்பற்றி 1713இல் எழுதி முடித்த நூலை, ஹாலேயிலிருந்த அவருடைய ஆதரவாளர் அச்சிட விரும்பவில்லை. அது 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. பிறரை அறிந்தால் நம் விசுவாசம் குலையும் என்னும் அச்சம் நம்மைவிட்டு அகன்றுவிட்டதா?

பிறனிடத்தில் அன்புகூரும் கட்டளை, அவனைக் கேட்டறியும் கடமையையும் உட்கொண்டது. நைல் நதிக்கரைக்குச் செல்லுமுன், அருகிலிருப்பவனின் மொழியையும் விழாவையும் கேட்டறிவதில் பாடம் தொடங்கட்டும். அக்கேள்வி சாதி விசாரணையாகிவிடாதபடி காப்பது ஆசிரியரின் கடன்.